காதால் பிழைத்தவள்

எங்கள் வீட்டில் என் நாத்தனாருக்கு வாயாடி என்று பெயர். நான் கல்யாணமாகி வந்த முதல் நாளே காரணம் தெரிந்துவிட்டது. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. புதுப்பெண்ணான நான் வாயைத் திறப்பதற்குள் எனக்குப் பிடித்த நிறம், பிடிக்காத பாடம், தூக்கத்தில் குறட்டை விடுவேனா என்பது வரைக்கும் கேட்டு முடித்தாள். பதிலுக்கும் காத்திருக்கவில்லை. "வாயுள்ள பிள்ளை பிழைக்கும், இவளைப் பத்திக் கவலையே இல்ல" என்பார் என் மாமனார். அவள் பிழைத்தாள்தான். ஆனால் வாயால் இல்லை.

இன்று அவளுக்கு ஐம்பத்தெட்டு வயது. மனநல ஆலோசகராகி இருபத்திரண்டு வருடங்கள் ஆகின்றன. ஒரு வணிகக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் அவளுடைய அறை. அதற்கு வெளியே சின்னதாக ஒரு வரவேற்பறை, அதில் ஒரு மேஜை, மேஜைக்குப் பின்னால் நான். பள்ளிக்கூட அலுவலகத்தில் ஓய்வு பெற்ற மறுமாதம் வந்து உட்கார்ந்தேன், ஏழு வருடமாக எழுந்திருக்கவில்லை. அண்ணியும் நாத்தனாரும் ஒரே இடத்தில் வேலை செய்கிறோம் என்றால் சொந்தக்காரர்களுக்கு நம்பவே முடிவதில்லை. எலியையும் பூனையையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியதாக அவர்களுக்கு நினைப்பு.

அவள் நேராக இந்த வேலைக்கு வந்துவிடவில்லை. இருபத்திரண்டு வயதில் அவசர அழைப்பு மையத்தில் சேர்ந்தாள். தீ, விபத்து, மாரடைப்பு என்று ஊரே பதறிப்போய்க் கூப்பிடுகிற இடம். ஜன்னல் இல்லாத நீளமான கூடம், எட்டு இருக்கைகள், தலையில் மாட்டிக்கொள்ளும் ஒலிவாங்கி, எதிரே திரை. யாராவது காத்திருந்தால் திரைக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு கண்சிமிட்டும். முதல் கேள்வி எப்போதும் "எங்க இருக்கீங்க?" என்பதுதான். பேச்சு நடுவில் அறுந்துபோனாலும் வண்டி போய்ச் சேர்ந்துவிட வேண்டுமே. அடுத்த கேள்வி "என்ன ஆச்சு?" ஏன், எதனால் என்பதற்கெல்லாம் அங்கே நேரமில்லை.

வாயாடி வாயை மூடக் கற்றது அந்தக் கூடத்தில்தான். மூச்சை வைத்தே, கூப்பிட்டவர் நின்றுகொண்டு பேசுகிறாரா, தரையில் உட்கார்ந்துவிட்டாரா என்று சொல்வாளாம். அங்கே சேர்த்து வைத்த பேச்சையெல்லாம் வீட்டுக்கு வந்து எங்கள் தலையில் கொட்டிவிடுவாள் என்பது வேறு விஷயம்.

அவளுடைய முப்பத்து மூன்றாவது வயதில் ஒரு காலை. முதியவர் ஒருவரின் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து நினைவில்லாமல் கிடந்தார். வண்டி வர பத்தொன்பது நிமிடம் ஆனது. அந்தப் பத்தொன்பது நிமிடமும் போன் செய்த முதியவரோடு இவள் பேசிக்கொண்டிருந்தாள். மனைவியின் தலையை எப்படி வைப்பது, கதவை எப்படித் திறந்து வைப்பது என்று சொன்னாள். சொல்ல ஒன்றும் இல்லாதபோது அவர் சொன்னதைக் கேட்டாள். "வந்துட்டாங்கம்மா" என்ற குரலோடு அழைப்பு நின்றது. பிறகு என்ன ஆனது என்று விசாரிப்பது அங்கே வழக்கமில்லை. அவள் விசாரித்தாள். அந்த அம்மாள் அன்று மாலையே இறந்துவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து அதே முதியவர் மறுபடி கூப்பிட்டார். நான்கு தடவை வேறு வேறு குரல்கள் எடுத்ததால் பேசாமல் வைத்துவிட்டாராம். ஐந்தாவது தடவை இவள் எடுத்தாள். அவசரம் ஒன்றும் இல்லாமல் இந்த எண்ணுக்குக் கூப்பிடக் கூடாது என்று விதிப்படி சொன்னாள்.

"தெரியும்மா," என்றார் அவர். "அன்னிக்கி என்கூட இருந்தது நீங்க மட்டும்தான். அதான் உங்க குரலைக் கேக்கலாம்னு."

மேலே சிவப்பு விளக்கு சிமிட்டியது. அவள் இணைப்பைத் துண்டித்தாள். அந்த விளக்குக்குப் பின்னால் இருந்தது நிஜமாகவே ஒரு சாலை விபத்து. வண்டி நேரத்துக்குப் போனது, இரண்டு பேர் பிழைத்தார்கள். விதியில் தப்பில்லை. ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தாள். எங்களைப் பயமுறுத்தியது அந்த மௌனம்தான். ஊர்வாயைக்கூட மூடலாம், இவள் வாயை மூட முடியாது என்று இருந்தவர்கள் நாங்கள்.

மறுநாள் காலையில் தன் அண்ணனிடம், அதாவது என் வீட்டுக்காரரிடம், கேட்டாள். "வண்டி வர்ற வரைக்கும்தான் நாங்க பார்த்துக்கறோம் அண்ணா. வண்டி போனதுக்கப்புறம் அவங்களை யாரு பார்த்துக்கறா?"

அதற்கென்று ஆள் இருப்பார்கள் என்றார் அவர். யார் என்று கேட்டாள். அவருக்குத் தெரியவில்லை. அவள் தேட ஆரம்பித்தாள்.

அந்தத் தேடல்தான் அவளை மாலைக் கல்லூரியில் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஏற்கெனவே ஒரு பட்டம் இருந்ததால் உளவியலில் மேற்படிப்பு. பகலில் அழைப்பு மையம், மாலையில் வகுப்பு. தன்னைவிடப் பத்து வயது சின்னவர்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தாள். மூன்று வருடம் கழித்து வேலையை விட்டுவிட்டு, ஒரு பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவில் மூத்தவர்களின் கண்காணிப்பில் பயிற்சிக்குச் சேர்ந்தாள். அங்கேயே ஒன்பது வருடம் இருந்தாள்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த ஒன்பது வருடமும் யார் கேட்டாலும் "ஆஸ்பத்திரியில வேலை" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். எந்தப் பிரிவு என்று சொன்னதில்லை. பைத்தியத்துக்கு வைத்தியமா என்று ஒரு தடவை என் தங்கை சிரித்தபோது நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

ஆரம்பத்தில் அவள் நல்ல ஆலோசகர் இல்லை. இதை அவளே சொல்வாள். வந்தவர்களுக்கு அறிவுரையை வாரி வாரி வழங்கினாளாம். மூன்றாவது மாதம் ஒரு பெண் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதெல்லாம் எங்க அக்காவும் சொல்றா. அவ அடுத்த தெருவுலதான் இருக்கா. இதுக்கு நான் ரெண்டு பஸ் மாறி வர வேண்டாம்" என்றாளாம். நாத்தனார் வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். ஆனால் அறிவுரை கொடுப்பது அன்றோடு நின்றது. வருகிறவர்களுக்கு அறிவுரை கொடுக்க அவர்களுடைய சொந்தபந்தமே தாராளமாகப் போதும் என்பது அவள் கண்டுபிடிப்பு.

என் வீட்டுக்காரர் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். தன் தொழிலும் தங்கையின் தொழிலும் ஒன்றுதான் என்பது அவர் கட்சி. "நானும் பக்கத்துல உட்கார்ந்துதான் வேலை பார்க்கறேன். எனக்கும் காலுக்கடியில ஒரு பிரேக் இருக்கு" என்பார். அதற்கு அவள், "எனக்கும் பிரேக் இருக்கு அண்ணா. ஆனா ஸ்டியரிங்கை நீ எட்டிப் பிடிக்கலாம், நான் பிடிக்கக் கூடாது" என்றாள். அவளுடைய முறையை இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

சொந்தமாக அறை போட்டபோது அதை அவளே ஒழுங்கு செய்தாள். இரண்டு நாற்காலிகளும் நேருக்கு நேர் இருக்காது, கொஞ்சம் சாய்வாக இருக்கும். பேசுகிறவருக்கு அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் ஜன்னலைப் பார்க்கலாம். கடிகாரம் இருவர் கண்ணிலும் படும். கைக்குட்டைத் தாள்கள் வந்தவரின் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும், ஆனால் அவள் எடுத்து நீட்ட மாட்டாள். நீட்டினால் அழுதது போதும், துடைத்துக்கொள் என்று சொன்ன மாதிரி ஆகிவிடுமாம். ஏன் என்று கேட்க மாட்டாள். எப்போது, எப்படி, அப்புறம் என்ன ஆச்சு என்றுதான் கேட்பாள். நடுவில் ஒரு தடவை தனக்குப் புரிந்ததைச் சொல்லி, சரியாகப் புரிந்துகொண்டேனா என்று கேட்பாள். இல்லை என்று சொல்லி யாராவது திருத்தினால் அன்றைக்கு அவள் முகத்தில் தனி மகிழ்ச்சி. டாக்டர் என்று கூப்பிடுகிறவர்களிடம், தான் மருந்து எழுதுகிறவள் இல்லை, அது தேவைப்பட்டால் எழுதுகிறவரிடம் அனுப்புவேன் என்று முதல் நாளே சொல்லிவிடுவாள்.

உள்ளே என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது. குறிப்புகள் வைக்கும் அலமாரியின் சாவி என்னிடம் கிடையாது, கேட்டதும் கிடையாது. நான் இனிமேல் சொல்லப்போவது இங்கே வந்துபோன ஒருவர் தானே என்னிடம் சொல்லி, யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள் என்று அனுமதியும் தந்தது.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்கு அவர் முதலில் வந்தார். நாற்பது வயதிருக்கும். சீருடைச் சட்டை, கையில் சாப்பாட்டு டப்பா. மூச்சு இரைக்க வந்து நின்றார். லிஃப்ட் ஓடுகிறதே, ஏன் படியேறி வந்தீர்கள் என்றேன்.

"ஓடுதுன்னு தெரியும்க்கா," என்றார். "அதை சர்வீஸ் பண்றதே நான்தான்."

லிஃப்ட் மெக்கானிக். அவர் இங்கே வருவதற்கு ஒரு வருடம் முன்னால் வேறொரு கட்டடத்தில் அவரோடு வேலை செய்த நண்பர் லிஃப்ட் கூண்டின் மேலே நின்று வேலை பார்க்கும்போது தவறி விழுந்து இறந்துவிட்டார். அன்றிலிருந்து இவர் எந்த லிஃப்டிலும் கால் வைக்கவில்லை. கூட வருகிறவரை உள்ளே அனுப்பிவிட்டு, இவர் படியேறிப் போய் மோட்டார் அறையில் நிற்பார். முழங்கால் வலி என்று நிறுவனத்தில் சொல்லியிருந்தார். படியேறி ஏறி அது நிஜமாகவே வலிக்க ஆரம்பித்துவிட்டது.

நாத்தனார் அவரோடு பேசி, சின்னச் சின்னப் படிகளாக ஒரு திட்டம் போட்டாள். அதன் ஒரு பகுதி என் கண் முன்னால்தான் நடந்தது, லிஃப்ட் எங்கள் கதவுக்கு எதிரே இருக்கிறதே. முதலில் இரண்டு பேரும் லிஃப்டுக்கு வெளியே நின்றார்கள், அவ்வளவுதான். அடுத்த வாரம் அவள் பொத்தானை அழுத்திக் கதவைத் திறந்து வைத்தாள், அவர் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒரு கால் உள்ளே. பிறகு இரண்டு காலும், கதவு திறந்தபடியே. இரண்டு பெரிய மனிதர்கள் ஓடாத லிஃப்டில் பேச்சில்லாமல் நிற்பதைப் பார்த்து, ரிப்பேரா என்று காவலாளி இரண்டு தடவை மேலே வந்து கேட்டுவிட்டுப் போனார்.

ஏழாவது வாரம் அவர் உள்ளே போய் சுவரில் சாய்ந்து நின்றார். அவளுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை, எனக்கே தெரிந்தது. ஒரு மாடி மட்டும் இறங்கிப் பார்க்கலாமா என்று கேட்டாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கதவு மூடியது.

இரண்டாவது மாடியில் கதவு திறந்தபோது அவர் தரையில் உட்கார்ந்து முழங்காலுக்குள் தலையைப் புதைத்திருந்தாராம். கொஞ்ச நேரத்தில் எழுந்தவர் அவளைத் திரும்பிப் பார்க்காமல் படியிறங்கிப் போய்விட்டார். சாப்பாட்டு டப்பா என் மேஜையிலேயே இருந்தது.

அவள் மேலே வந்து என் எதிரே நின்றாள். பதினெட்டு வருட அனுபவம் அப்போது அவளுக்கு.

"அவர் சரின்னு சொல்லலை அண்ணி. சும்மா இருந்தார். நான் அதைச் சரின்னு எடுத்துக்கிட்டேன்." பிறகு, "ஸ்டியரிங்கைப் பிடிச்சிட்டேன்" என்றாள்.

மாதம் ஒரு தடவை அவளும் நகரத்தின் மறுகோடியில் இருக்கும் ஒரு மூத்த ஆலோசகரிடம் போய்த் தன் வேலையைப் பற்றிப் பேசிவிட்டு வருவாள். இத்தனை வருடம் ஆன பிறகு உனக்கு எதற்கு ஒரு வாத்தியார் என்று நான் கேட்டதுண்டு. முதுகில் அழுக்கு இருந்தால் கண்ணாடி இல்லாமல் எப்படித் தெரியும் என்பாள். அந்த முறை மாதக் கடைசிக்குக் காத்திருக்கவில்லை, மறுநாளே போனாள். திரும்பி வந்து கையால் ஒரு கடிதம் எழுதி அனுப்பினாள். பிற்பாடு அவர் எனக்குக் காட்டியதால் அதில் இருந்தது தெரியும்.

"உங்கள் அமைதியை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். தவறு என்னுடையது. உங்களுக்குத் தைரியம் போதவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். மறுபடி வருவதும் வராததும் உங்கள் விருப்பம். இந்த மாதம் முழுக்க செவ்வாய்க்கிழமை நான்கு மணி உங்களுக்காகக் காலியாக இருக்கும்."

எழுதியதோடு விடவில்லை. அடுத்த செவ்வாய் நான்கு மணிக்கு அறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். புத்தகமில்லை, போனில்லை. காத்திருப்போர் பட்டியலில் ஒன்பது பேர் இருந்தார்கள், அதில் ஒருவருக்கு அந்த நேரத்தைத் தரலாமே என்றேன். அது அவருடைய நேரம் என்றாள். அவர் வரவில்லை. அதற்கடுத்த செவ்வாயும் வரவில்லை. இரண்டு தடவையும் ஐந்து மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும் வரை உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கோபம்கூட வந்தது. வராத மனிதருக்காக இப்படி உட்கார்ந்திருப்பது ஒரு வேலையா என்று தோன்றியது.

மூன்றாவது செவ்வாய் நான்கு பத்துக்கு அவர் வந்தார். டப்பாவை எடுத்துக்கொண்டு போக வந்ததாகச் சொன்னார். கழுவித் துடைத்து வைத்திருந்ததைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், போகவில்லை. உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார்.

"யாரும் இல்லப்பா. உங்களுக்காகத்தான் உட்கார்ந்திருக்கா."

அவர் எட்டிப் பார்த்தார். காலி நாற்காலிக்குப் பக்கத்தில் அவள் இருந்தாள். டப்பாவை மறுபடி என் மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

அன்றைக்குத்தான் அதுவரை யாரிடமும் சொல்லாததை அவர் சொன்னார். விபத்து நடந்த நாள் கூண்டின் மேலே ஏற வேண்டிய முறை இவருடையது. ஏறப்போகும் நேரத்தில் வீட்டிலிருந்து மகள் போன் செய்தாள். யாரும் பிடிக்காமல் அன்றைக்குத்தான் முதல் தடவை சைக்கிள் ஓட்டினாளாம், சிரித்துச் சிரித்துச் சொன்னாள், இவரும் சிரித்தார். நண்பர், நீ பேசு, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார். விசாரணைக்கு வந்தவர்கள் எத்தனையோ கேட்டார்கள். யார் முறை என்று யாரும் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை.

"லிஃப்ட்ல ஏற எனக்குப் பயம் இல்லக்கா," என்று பின்னால் ஒருநாள் அவர் என்னிடம் சொன்னார். "ஏறி, நல்லபடியா இறங்கிட்டா என்ன பண்றதுன்னுதான் பயம். அவன் இறங்கலையே."

நாத்தனார் அதற்கு என்ன சொன்னாள் என்று கேட்டேன். "உங்க தப்பு இல்லன்னு சொல்லுவாங்கன்னு நினைச்சேன். சொல்லியிருந்தா எழுந்து போயிருப்பேன். சொல்லலை. இதைத் தூக்கிக்கிட்டு இதுவரைக்கும் எத்தனை மாடி ஏறியிருப்பீங்கன்னு மட்டும் கேட்டாங்க." அதைக் கேட்டதும் சிரிப்பும் அழுகையுமாக வந்ததாம். மனதுக்குள் கணக்குப் போட ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டாராம்.

அதன் பிறகு பல வாரம் அவர்கள் லிஃப்ட் பக்கமே போகவில்லை. அறைக்குள்ளேயே இருந்தார்கள். பதினெட்டாவது வாரம் வாக்கில், நண்பரின் மனைவியைப் பார்த்து உண்மையைச் சொல்ல வேண்டும் என்று அவரே சொன்னார். போ என்றும் அவள் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. அந்த அம்மாள் கத்தினால் என்ன செய்வீர்கள், கதவைச் சாத்தினால் என்ன செய்வீர்கள், மன்னித்துவிட்டால் அதை எப்படித் தாங்குவீர்கள் என்று ஒவ்வொன்றாகப் பேசினார்கள். இப்படிச் சொல்வது அவருக்கு மட்டுமல்ல, அந்த அம்மாளுக்கும் நல்லதாக இருக்குமா என்றும் பேசினார்கள். அதற்கே மூன்று வாரம் ஆனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் போனார். எல்லாவற்றையும் சொன்னார். அந்த அம்மாள் தன் கணவர் கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்டார். அதுவரை அதை அவரிடம் யாருமே சொல்லியிருக்கவில்லை. மெக்கானிக், நண்பர் பேசிய மாதிரியே சொன்னார்.

"நீ பேசு, பொண்ணு கூப்பிடறா. நான் பார்த்துக்கறேன்."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னார் அந்த அம்மாள். சொன்னார்.

"அவர் பேசற மாதிரியேதான் இருக்கு," என்றார் அந்த அம்மாள். கோபப்படவும் இல்லை, மன்னித்தேன் என்று சொல்லவும் இல்லை. மகளுக்கு இப்போது சைக்கிள் நன்றாக ஓட்ட வருகிறதா என்று கேட்டார். வருகிறது என்றார் இவர். இதை என்னிடம் சொன்னபோது அவர் குரல் உடைந்தது. நான் கைக்குட்டைத் தாளை எடுத்து நீட்டப் போனேன். நீட்டவில்லை. மேஜையின் ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுச் சும்மா இருந்தேன்.

இதற்கு இரண்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வந்தபோது அவருக்கு மூச்சு இரைக்கவில்லை. வழக்கம்போலத் தண்ணீர் எடுத்தேன், வேண்டாம் என்றார். லிஃப்டில் ஏறி வந்ததை உள்ளே போய்த்தான் சொன்னார். கதவு மூடியிருந்தும் நாத்தனாரின் சிரிப்பு எனக்குக் கேட்டது. இதெல்லாம் அவள் சாமர்த்தியம் என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பிடிக்காது. ஏறியவர் அவர்தான் என்பாள். சரி, அவள் அப்படியே சொல்லிக்கொள்ளட்டும். மூன்று செவ்வாய்க்கிழமை காலி நாற்காலிக்குப் பக்கத்தில் அவள் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தவள் நான்.

மெக்கானிக் வருவதை நிறுத்திய பிறகு தன் நிறுவனத்தின் மேலாளரிடம் போய் முழங்கால் வலி பொய் என்பதையும் மற்றதையும் தானாகவே சொல்லிவிட்டார். வேலை போய்விடும் என்று பயந்தாராம். போகவில்லை. விபத்து நடந்த குழுவில் இருப்பவர்களை மறுநாளே வேலைக்கு அனுப்பக் கூடாது, யாராவது அவர்களோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்று அவர் விடாமல் கேட்டார். போன வருடம் நிறுவனம் ஒப்புக்கொண்டு, பணியாளர்களிடம் பேச நாத்தனாரை அழைத்தது. நானும் கூடப் போனேன்.

எண்ணெய் வாசனை அடிக்கும் பெரிய பட்டறை. நாற்பது பேர் கையைக் கட்டிக்கொண்டு, இந்த அம்மாள் என்ன பெரிதாகச் சொல்லிவிடப் போகிறாள் என்ற முகத்தோடு உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஐந்து நிமிடம்தான் பேசினாள். தான் என்ன செய்வாள், என்ன செய்ய மாட்டாள், இரண்டாவது மாடியில் எப்படித் தவறு செய்தாள் என்று அந்த மனிதரின் சம்மதத்தோடு சொன்னாள். பிறகு உட்கார்ந்துவிட்டாள். நீளமான அமைதி. எழுந்து ஏதாவது சொல்லிவிடலாமா என்று எனக்கே தோன்றியது, அவள் அசையவில்லை. அப்புறம் பின்வரிசையிலிருந்து மெக்கானிக் எழுந்தார். தன் கதையைத் தானே சொன்னார். கட்டியிருந்த கைகள் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன.

என் பக்கத்தில் இருந்த வயதான பணியாளர், "அந்தம்மா யாருங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

"மனநல ஆலோசகர்," என்றேன். "என் நாத்தனார்."

கொஞ்சம் உரக்கச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இருந்தேன்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது வாசலில் மூன்று பேர் தனித்தனியாக, ஒருவருக்கொருவர் தெரியாத மாதிரி, எங்களுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். நான் குறிப்பேடு எடுத்துக்கொண்டு போகவில்லை. பையில் கிடந்த பழைய உறை ஒன்றைப் பிரித்து, அதன் உள்பக்கத்தில் மூன்று பேருக்கும் நாளும் நேரமும் எழுதிக்கொண்டேன்.